குவளையியல்: சிறு சமையலறையில் டம்ளர், கப், மக் ஆகியவற்றின் வரவும் வைப்பும்

கல்யாணமாகிப் பத்து வருடம் ஆன எந்தத் தம்பதியிடமும் கேட்டுப் பார்க்கலாம்: ‘உங்கள் வீட்டில் இருக்கும் டம்ளர், கப், மக் இவற்றில் நீங்களாகக் கடைக்குப் போய், கையில் எடுத்துப் பார்த்து, காசு கொடுத்து வாங்கியது எத்தனை?’ இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அலமாரியில் ஐம்பது உருப்படிக்குக் குறையாமல் இருக்கும். ஒரு டஜன் சீர்வரிசையில் வந்தது. ஆறு, பெரிய மாமா மொய்க்குப் பதிலாகக் கொடுத்தது. நான்கு, கொலுவுக்குப் போன வீடுகளில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்தது. இரண்டு, டீத்தூள் பாக்கெட்டோடு இலவசம். அலுவலக ஆண்டுவிழா மக் மூன்று, பிள்ளையின் முதல் பிறந்தநாள் படம் போட்ட மக் ஒன்று. இவற்றுக்கு நடுவில் வேறு யாருடைய இனிஷியலோ வெட்டிய டம்ளர் ஒன்றும் கட்டாயம் இருக்கும். அது எந்த வருடம், எந்தப் பாயசத்தைச் சுமந்துகொண்டு வந்தது என்பது கொடுத்த வீட்டுக்கும் நினைவில்லை, வாங்கிய வீட்டுக்கும் நினைவில்லை.

ஆகவே ‘குவளையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?’ என்று தொடங்கும் எந்த ஆய்வும் தமிழ்நாட்டு நிலவரத்துக்கு ஒத்துவராது. இங்கே தேர்வு என்றால் எதைப் புழக்கத்தில் விடுவது, எதைப் பரணில் ஏற்றுவது, எதை அடுத்த கல்யாணத்தில் யார் தலையில் கட்டுவது என்பதுதான். இம்மூன்று கேள்விகளையும் உரிய கனத்தோடு அணுகும் துறைக்குக் குவளையியல் என்று பெயரிட்டு, அதன் முதற்கட்ட முடிவுகளை இக்கட்டுரை அறிஞர் அவையின் முன் வைக்கிறது.

முதலில் ஆய்வுக் களம். இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, சாப்பிடத் தனி இடம் உள்ள வீட்டில் சமையலறை குறைந்தது 5 சதுர மீட்டர் இருக்க வேண்டும், அகலம் 1.8 மீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது. நம் கணக்கில் ஏறத்தாழ 54 சதுர அடி. விதி ‘குறைந்தது’ என்று சொன்னால் கட்டுபவர் அதை ‘அதிகபட்சம்’ என்று படிப்பது வழக்கம் என்பதால், சென்னையின் அடுக்கக வீடுகள் பலவற்றுக்கு இதுவே களம். இதற்குள் அடுப்பு மேடை, சிங்க், கிரைண்டர், மிக்ஸி, சிலிண்டர், தண்ணீர் கேன், அரிசி டிரம் எல்லாம் வந்தாக வேண்டும். இவ்வளவும் போகக் குவளைக்கென்று மிஞ்சுவது ஒரு தட்டு. அதிர்ஷ்டம் இருந்தால் ஒன்றரை.

சின்னச் சமையலறையைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொண்டவர்களில் முதல் மரியாதை மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞருக்கு உரியது. ஃபிராங்ஃபர்ட் நகரின் புதிய குடியிருப்புகளுக்காக 1926இல் அவர் வரைந்த சமையலறையின் அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். ரயிலின் உணவுப் பெட்டியில் அத்தனை பேருக்கும் எப்படிச் சமைக்கிறார்கள் என்பதைப் பார்த்து, அடுப்புக்கும் சிங்க்குக்கும் இடையே நடக்கும் அடிகளைக்கூடக் கணக்கிட்டு அவர் வரைந்தார். அரிசிக்கும் பருப்புக்கும் பெயர் எழுதிய அலுமினிய இழுப்பறைகள் வரிசையாக இருந்தன. சுமார் 10,000 வீடுகளில் இந்தச் சமையலறை பொருத்தப்பட்டது. அதை வடிவமைத்த காலத்தில் தமக்குச் சமையலே தெரியாது என்று பின்னாளில் அந்த அம்மையார் சொல்லிக்கொண்டதும் உண்டு. அவருடைய கணக்கில் எல்லாம் இருந்தது. மொய் மட்டும் இல்லை. ஃபிராங்ஃபர்ட் சமையலறையை அப்படியே சென்னை மடிப்பாக்கத்தில் கட்டினாலும் மூன்று கல்யாணமும் ஒரு கிரகப்பிரவேசமும் தாங்காது.

குவளைப் பெருக்கம் இந்தத் தலைமுறைக்கு வந்த வியாதி என்று நினைப்பவர்கள் அரிக்கமேட்டைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். புதுச்சேரிக்குத் தெற்கே, ஆற்றங்கரையில், 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது இத்தாலியின் அரெஸ்ஸோ வகைச் சிவப்பு மெருகுக் கிண்ணங்களும் தட்டுகளும் ஓடுகளாகக் கிடைத்தன. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பே வெளிநாட்டுக் கப் இங்கே வந்திருக்கிறது. வந்து உடைந்தும் இருக்கிறது. அந்தச் சரக்கில் செய்தவரின் முத்திரை இருக்கும். கீழடியிலும் கொடுமணலிலும் கிடைத்த உள்ளூர்ப் பானை ஓடுகளில் தமிழி எழுத்தில் கீறியிருப்பவையோ குவிரன், ஆதன் என்பது போன்ற ஆட்பெயர்கள். வைத்திருந்தவர்களின் பெயர்கள் என்றே அவற்றைப் பெரும்பாலும் கொள்கிறார்கள். ஆக, செய்தவர் பெயரைப் போடுவது அந்த ஊர் மரபு, வைத்திருப்பவர் பெயரைக் கீறுவது இந்த ஊர் மரபு.

இந்த வேறுபாடு இன்றைக்கும் அலமாரியில் அப்படியே இருக்கிறது. பீங்கான் மக்கைக் கவிழ்த்தால் அடியில் கம்பெனிப் பெயர். எவர்சில்வர் டம்ளரைத் திருப்பினால் விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாக ‘செ.மீ. 14.6.79’. செ.மீ. என்றதும் அளவு என்று எண்ணிவிடக் கூடாது, அது இனிஷியல். பாத்திரக் கடையில் எடை போட்டு, பில் எழுதி முடித்ததும் ‘பேர் வெட்டணுமாம்மா?’ என்று கேட்பார்கள். மூலையில் ஒருவர் பேனா மாதிரி ஒரு மின்கருவியைப் பிடித்துக்கொண்டு, டம்ளரை இடது கையால் மெல்லச் சுழற்றிக்கொண்டே, கொர்ரென்ற அதிர்வோடு எழுதித் தள்ளுவார். ஒரு எழுத்துக்குச் சில நொடிகள்தான். விசேஷ வீட்டுச் சமையல்கட்டில் பாத்திரம் கலந்துவிடாமல் இருக்க ஏற்பட்ட ஏற்பாடு இது. ஆனால் சேமிப்புச் சிக்கலின் ஆணிவேரும் இதுவே. பெயர் இல்லாத டம்ளரை யாருக்கும் கொடுத்துவிடலாம். போய்ச் சேர்ந்த பாட்டியின் பெயரை எடைக்குப் போட எந்தப் பேரனுக்கு மனம் வரும்?

எவர்சில்வரின் பூர்வீகமும் சமையலறை இல்லை. ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பவர் துப்பாக்கிக் குழல் சீக்கிரம் தேய்ந்துபோவதற்கு மாற்றுத் தேடப் போய், 1913இல் துருப்பிடிக்காத எஃகை எடுத்துக்கொண்டு வந்தார். நம் பக்கத்தில் அது பித்தளையின் இடத்தைப் பிடித்தது. பித்தளையைப் புளி போட்டுத் தேய்க்க வேண்டும், அவ்வப்போது தெருவில் வரும் ஆளைக் கூப்பிட்டு ஈயம் பூச வேண்டும். எவர்சில்வர் இரண்டையும் கேட்கவில்லை. 1980களின் தொடக்கத்தில் சேலம் உருக்காலை ஓடத் தொடங்கியபின் ‘சேலம் ஸ்டெயின்லெஸ்’ என்ற பெயர் தமிழ்நாட்டுப் பாத்திரக் கடைகளில் உத்தரவாதச் சொல்லாகவே ஆனது.

தரம் பார்க்கும் கலையில் ஒரு மூடநம்பிக்கை உண்டு. காந்தத்தை வைத்துப் பார், ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் உசத்தி என்று கடை வாசலில் தீர்ப்புச் சொல்லும் மாமாக்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பாதி சரி. 304 எனப்படும் ரகத்தில் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும், காந்தம் ஒட்டாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த 200 வரிசை மலிவு ரகத்திலும் காந்தம் ஒட்டாது. இரண்டையும் காந்தத்தால் பிரிக்க முடியாது. நல்ல ரகத்திலேயே, வடிவுக்காக அழுத்தி வளைத்த விளிம்பில் லேசாக இழுக்கவும் செய்யும். மாமாவின் காந்தம் ஃபிரிட்ஜ் கதவில் மின்சார பில்லைப் பிடித்துக்கொண்டிருப்பதே அதற்கு ஏற்ற உத்தியோகம்.

அடுத்து, டம்ளரா மக்கா என்ற பழைய வழக்கு. மக் கட்சியினர் சொல்வது: பீங்கான் சூட்டைத் தாங்கும், காபி ஆறாது. இதைக் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். 150 மில்லி காபி, 85 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கிறது என்று கொள்வோம். 350 கிராம் எடையுள்ள பீங்கான் மக் 30 டிகிரி அறைச் சூட்டில் காத்திருக்கிறது. ஊற்றியதும் மக் தன் பங்குக்குச் சூட்டை உறிஞ்சும். இரண்டும் ஒரே வெப்பநிலைக்கு வரும்போது காபி ஏறத்தாழ 67 டிகிரிக்கு இறங்கியிருக்கும். அதே காபியை 80 கிராம் எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினால் 82 டிகிரியில் நிற்கும். ஒரு வாய் குடிப்பதற்குள் மக் 18 டிகிரியைக் கமிஷனாக எடுத்துக்கொள்கிறது. டம்ளர் எடுப்பது மூன்றே டிகிரி. அதற்குப் பிறகு மக் நிதானமாக ஆறும், மெல்லிய சுவருள்ள டம்ளர் வேகமாக ஆறும் என்பது உண்மை. ஆனால் ஃபில்டர் காபி குடிப்பவர் அரைமணி நேரம் அதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. மக்கில்தான் குடிப்பேன் என்பவர் முதலில் அதில் வெந்நீர் ஊற்றி அலசிவிட்டு காபியை ஊற்றலாம். வழக்கு இரு தரப்புக்கும் செலவில்லாமல் முடியும்.

டம்ளர் கையைச் சுடுகிறதே என்ற புகாருக்கு விடை விளிம்பில் இருக்கிறது. வெளிப்பக்கம் விரிந்து, சுருட்டி விட்ட அந்த விளிம்பு காபி மட்டத்துக்கு மேலே நிற்பதால் மற்ற இடத்தைவிடச் சூடு குறைவு. கட்டைவிரலாலும் நடுவிரலாலும் அங்கே பிடித்துக்கொள்ளலாம். மீதி வேலை டபராவுக்கு. அகன்ற வாயில் ஊற்றி ஆற்றினால் காபியின் மேற்பரப்பு பெருகி, சூடு தணிந்து, நுரையும் கட்டும். குறை ஒன்றுதான்: டபரா இடத்தை அடைக்கும். டம்ளர் நிற்கும் இடத்தைவிட அகலம் கேட்கும், ஒன்றுக்குள் ஒன்று போட்டால் சரிந்து நிற்கும். சின்னச் சமையலறையில் ஆறு செட் டபரா வைத்திருப்பவர் காபிப் பிரியர் மட்டும் இல்லை, தியாகி.

இங்கே ஆய்வு உயர்கணிதத்துக்குள் நுழைகிறது. இடவியல் என்ற கணிதப் பிரிவில் ஒரு பொருளைக் கிழிக்காமல், ஒட்டாமல், ரப்பர்போல இழுத்து இன்னொன்றாக மாற்ற முடிந்தால் இரண்டும் ஒன்றே. இந்தக் கணிதக்காரர்களுக்குக் காபி மக்கும் ஓட்டை போட்ட டோனட்டும் ஒன்று என்பது உலகெங்கும் வகுப்பறையில் சொல்லும் பாடம். தமிழில் இதைச் சொல்ல டோனட் வரைக்கும் போக வேண்டாம். கைப்பிடி உள்ள மக்கும் மெதுவடையும் ஒன்று. கைப்பிடி இல்லாத டம்ளரும் இட்லியும் ஒன்று. மக்கின் வாய் ஓட்டை ஆகாது, அது வெறும் குழி. ஓட்டை கைப்பிடியில் மட்டும்தான் இருக்கிறது.

காலை டிபனோடு முடிந்துபோகிற தத்துவம் என்று இதைத் தள்ளிவிடக் கூடாது. சேமிப்பு இயலின் முதல் விதி இதிலிருந்துதான் பிறக்கிறது: மெதுவடை இனத்தைச் சேர்ந்தவற்றை மட்டுமே கொக்கியில் மாட்ட முடியும். அலமாரித் தட்டின் அடிப்பக்கத்தில் ஆறு கொக்கி அடித்தால் யாருக்கும் உதவாமல் கிடக்கிற காற்றிடம் குவளைக்கு வந்து சேரும். 350 கிராம் வீதம் ஆறு மக் மாட்டினால் இரண்டு கிலோவைத் தாண்டும். ஆகவே ஒட்டும் கொக்கியை நம்பாமல் திருகு போட்டது நல்லது. இட்லி இனத்துக்குக் கொக்கி கிடையாது. அதற்கென்று தமிழ்நாட்டு வீடுகளில் இருப்பது கம்பி ஸ்டாண்ட்: சுவரில் மாட்டிய எவர்சில்வர் ஸ்டாண்டில் தட்டுகள் நிற்க இடம், கரண்டிக்குப் பெட்டி, ஓரத்தில் டம்ளரைத் தலைகீழாக மாட்ட நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள். ஓட்டை இல்லாத பொருளைத் தொங்கவிட இதைவிட நல்ல உபாயத்தை எந்தக் கணிதத் துறையும் இதுவரை முன்மொழியவில்லை.

தட்டில் நிறுத்துவதானால் கணக்கு வேறு. ஒரே அளவு வட்டங்களைச் சதுர வரிசையில் அடுக்கினால் பரப்பில் 78.5 சதவீதம் நிரம்பும். ஒவ்வொரு வட்டத்தையும் ஆறு வட்டங்கள் சூழும்படி, தேன்கூட்டு முறையில் அடுக்கினால் 90.7 சதவீதம். இதைப் படித்த உற்சாகத்தில் டம்ளர்களைத் தேன்கூடாக மாற்றி அடுக்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 60 சென்டிமீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் ஆழம் உள்ள சாதாரணத் தட்டில் 7 சென்டிமீட்டர் விட்டமுள்ள டம்ளரைச் சதுர வரிசையில் வைத்தால் 32 நிற்கும். தேன்கூட்டு முறையில் வைத்தாலும் 32தான். மிச்சமாகும் இடம் ஐந்தாவது வரிசைக்குப் போதாமல் பின்பக்கத்தில் வீணாகக் கிடக்கும். முடிவிலாப் பரப்புக்குச் சொன்ன விதி முப்பது சென்டிமீட்டர் தட்டுக்கு வந்தால் இப்படித்தான் ஆகும்.

அதே தட்டில் மக் எத்தனை? உடல் 8 சென்டிமீட்டர், கைப்பிடியோடு சேர்த்து 12. வரிசையாக வைத்தால் 15. டம்ளரில் பாதிகூட இல்லை. மக்கை மக்குக்குள் நுழைக்கவும் முடியாது. டம்ளரோ மேலே அகன்று கீழே குறுகியது. ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு போட்டால் அதே 32 இடத்தில் 128 வரும். கைப்பிடி கேட்கும் வாடகை இவ்வளவு என்று தெரிந்தால் ஆண்டுவிழாவில் மக் கொடுக்கும் நிர்வாகங்கள் கொஞ்சம் யோசிக்கும்.

நுழைப்பதில் ஒரு விபத்து உண்டு. ஒரே அளவு டம்ளர் இரண்டை ஈரத்தோடு அழுத்தி அடுக்கினால் காலையில் இரண்டும் ஓருடல் ஆகிவிடும். வீட்டில் பலசாலி என்று பெயரெடுத்தவர் முதலில் திருகுவார், பிறகு தரையில் தட்டுவார், கடைசியில் இரண்டும் நசுங்கிப்போகும். செய்ய வேண்டியது இதுதான்: உள்ளே இருக்கும் டம்ளரில் ஐஸ் தண்ணீரை ஊற்றி, வெளி டம்ளரை வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்த வேண்டும். எவர்சில்வர் எஃகு ஒவ்வொரு டிகிரிக்கும் பத்து லட்சத்தில் 17 பங்கு விரியும். 7 சென்டிமீட்டர் வாயுள்ள டம்ளர் 60 டிகிரி சூடேறினால் விட்டம் 0.07 மில்லிமீட்டர் கூடும். தலைமுடியின் பருமன் அளவுதான். அது போதும், உள்ளே இருப்பது கையோடு வந்துவிடும்.

கவிழ்த்து வைப்பதா நிமிர்த்தி வைப்பதா என்ற சண்டையில் மாமியார் ஒரு பக்கம், மருமகள் மறுபக்கம் நிற்பது வழக்கம். எவர்சில்வரைப் பொறுத்தவரை மாமியார் பக்கமே நியாயம்: இரவில் கரப்பான் உலாவும் ஊரில் வாய் கீழே இருப்பதே உத்தமம். ஆனால் நன்றாகக் காய்ந்தபின் கவிழ்க்க வேண்டும்; ஈரத்தோடு மூடினால் உள்ளே வாடை தங்கும். பீங்கான் விஷயத்தில் மருமகளின் வாதத்துக்கும் வலு இருக்கிறது. மெல்லிய விளிம்புதான் சீக்கிரம் சிதறும் இடம். அதன்மேல் மொத்த எடையையும் நிறுத்துவது நல்லதில்லை. மக்கின் அடியில் சொரசொரப்பாக, பளபளப்பில்லாமல் ஒரு வளையம் இருப்பதைத் தடவிப் பார்க்கலாம். சூளையில் நிற்கும்போது தட்டோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அந்த இடத்தில் மெருகு பூசாமல் விடுகிறார்கள். நிற்பதற்கென்றே செய்த கால் அதுதான். எனவே மக்கைக் கொக்கியில் மாட்டிவிட்டு, டம்ளரைக் கவிழ்த்தால் இரு தரப்பும் ஜெயித்ததாகச் சொல்லிக்கொள்ளலாம்.

இத்தனை கணக்கும் தெரிந்த பிறகும் ஒரு மக்கைக்கூட வெளியே அனுப்ப முடிவதில்லையே, ஏன்? இதற்கு விடை பொருளாதாரத்தில் கிடைத்தது, அதுவும் மக்கை வைத்தே கிடைத்தது. டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடத்தி, 1990இல் வெளியிட்ட சோதனை பிரசித்தம். கடையில் 6 டாலர் விலையுள்ள காபி மக்கை மாணவர்களில் பாதிப் பேருக்குச் சும்மா கொடுத்தார்கள். பிறகு கொடுக்கப்பட்டவர்களிடம் ‘என்ன விலைக்கு விற்பாய்?’ என்றும், மற்றவர்களிடம் ‘என்ன விலைக்கு வாங்குவாய்?’ என்றும் கேட்டார்கள். வாங்கும் தரப்பின் நடுவிலை 2.25 முதல் 2.75 டாலர். சற்றுமுன் இலவசமாகப் பெற்றவர்களின் நடுவிலை 5.25 டாலர். கைக்கு வந்த மாத்திரத்தில் மதிப்பு இரட்டிப்பாகிவிட்டது. கானமன் 2002இலும் தேலர் 2017இலும் நோபல் பரிசு பெற்றார்கள். மக்குக்காகவே கொடுத்தார்கள் என்றால் மிகை. மக் இல்லாமல் கிடைத்திருக்குமா என்பது மேலாய்வுக்கு உரியது.

சும்மா கிடைத்த மக்குக்கே இந்தப் பாடு என்றால், பிள்ளை முகம் அச்சிட்ட மக்கின் நிலையைச் சொல்ல வேண்டாம். வெள்ளை மக்கின்மேல் பூசிய பாலியெஸ்டர் படலத்தில், 180 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில், மை ஆவியாகி உள்ளே இறங்கிப் படமாகிறது. ஸ்டூடியோக்காரர் ‘லைஃப்லாங் போகாது’ என்பார். கம்பி நாரும் சபீனாவும் உள்ள வீட்டில் லைஃப்லாங் என்பது சில வருடங்கள். மூக்கு முதலில் போகும். அதன்பின் அந்த மக்கில் காபி குடிப்பதும் இல்லை, தூக்கிப் போடுவதும் இல்லை. பேனாவும் கத்தரிக்கோலும் ஸ்க்ரூ டிரைவரும் நிற்கும் ஜாடியாக அது ஹாலுக்கு மாற்றலாகிறது.

இந்த மாற்றல் முறை தனியாக ஆராயத் தக்கது. அலமாரிக் கணக்கில் காட்டப்பட்டிருந்தாலும் பல குவளைகள் வெளித்துறைகளில் பணியாற்றுகின்றன. ஒன்று அரிசி டிரம்முக்குள். ‘ஒரு டம்ளர் அரிசிக்கு மூணு டம்ளர் தண்ணி’ என்ற சூத்திரம் அந்த ஒரு டம்ளருக்கு மட்டுமே பொருந்தும். ஆகவே அதை யாரும் தொடக் கூடாது. பழைய அளவில் எட்டு ஆழாக்கு ஒரு படி. ஓர் ஆழாக்கு ஏறத்தாழ 168 மில்லி. நடுத்தரக் காபி டம்ளர் கிட்டத்தட்ட அதே அளவு. 1956இல் சட்டம் போட்டு மெட்ரிக் முறையைக் கொண்டுவந்த அரசாங்கத்தால் கடைகளை மாற்ற முடிந்தது, அரிசி டிரம்மை மாற்ற முடியவில்லை. இன்னொரு டம்ளர் பூஜை அலமாரியில் துளசித் தண்ணீரோடு இருக்கிறது. ஒன்று குளியலறையில் பிரஷ்ஷைத் தாங்குகிறது. விருந்தாளி வந்து ஆறு டம்ளர் எடுக்கும்போது இதில் ஏதாவது ஒன்று கைக்கு வந்தால், உள்ளிருந்து குரல் வரும்: ‘அய்யோ, அதுல குடுக்காதடி, அது அரிசி அளக்கிறது!’

குரலைக் கேட்ட விருந்தாளி ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்வார். அலமாரி அளவுப்படி அடுக்கப்பட்டதில்லை, அந்தஸ்துப்படி அடுக்கப்பட்டது. ஷோகேஸில் இருப்பது எலும்புச் சாம்பல் சேர்த்த போன் சைனா டீ செட்; சம்பந்தி வந்தால் மட்டும் இறங்கும். அடுத்த நிலையில் விளிம்பு நசுங்காத டம்ளர்கள், தெரிந்தவர்களுக்கு. அதற்குக் கீழே வீட்டாருக்கு. அப்பாவின் டம்ளர் அப்பாவுக்கு மட்டும்.

கடைசியில், பெரும்பாலும் சிங்க்குக்குக் கீழேயோ ஜன்னல் விளிம்பிலோ, தனியாக ஒரு டம்ளர். வேலை செய்ய வருகிற அம்மாவுக்கு அதில்தான் காபி. அவர் குடித்துவிட்டுத் தானே கழுவி அதே இடத்தில் வைத்துவிட்டுப் போவார். வீட்டில் உள்ள அத்தனை டம்ளரையும் தினமும் கழுவுகிற கை அது.

இந்த இடத்தில் குவளையியல் தன் விளையாட்டை நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டு டீக்கடைகளில் தலித் மக்களுக்குத் தனிக் குவளை வைத்த வழக்கத்துக்கு இரட்டைக் குவளை முறை என்று பெயரே உண்டு. அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது; 1955ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது; 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் சில ஊர்களில் ஒரு சாராருக்குக் கண்ணாடி டம்ளர், மற்றவர்களுக்குத் தூக்கி எறியும் கப் என்று அது வேடம் மாறியதைக் களத்துக்குப் போனவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். டீக்கடையில் நடந்தால் வழக்குப் போடலாம், செய்தி போடலாம். 54 சதுர அடிச் சமையலறையில் சிங்க்குக்குக் கீழே ஒரு டம்ளர் தனியாக இருப்பதை யார் எண்ணுகிறார்கள்? ‘அவங்களே அதுல குடுங்கம்மானு கேக்கறாங்க’ என்று சொல்லும் வீடுகளும் உண்டு. கேட்கும்படி அவரைப் பழக்கியது யார் என்பதைச் சேர்த்துச் சொன்னால் அந்த வாக்கியம் முழுமையாகும்.

இனி பரிந்துரைகள். வீட்டில் உள்ளவர்களுக்கு ஆளுக்கு இரண்டு, விருந்தினருக்கு ஆறு; நான்கு பேர் உள்ள வீட்டுக்குப் பதினான்கு போதும். அதில் டம்ளர் ஒரே கடையில், ஒரே அளவில், ஒரே ரகத்தில் வாங்கியதாக இருந்தால் ஒன்றுக்குள் ஒன்று ஒழுங்காக உட்காரும். மக் நான்குக்கு மேல் வேண்டாம். நான்கும் கொக்கியில் போகட்டும். கைப்பிடிக்குள் மூன்று விரல் நுழையாத மக்கைக் கடையிலேயே விட்டுவிட்டு வரலாம். ஷோகேஸ் டீ செட்டை இறக்கிப் புழங்கலாம். உடைந்தால் உடைந்தது, அரிக்கமேட்டிலும் உடைந்ததுதான். பரணில் இருக்கும் மிச்ச எவர்சில்வரைப் பாத்திரக் கடையில் எடைக்குப் போட்டு, நல்லதாக ஒரு குக்கர் எடுத்துக்கொள்ளலாம். பாட்டி பெயர் வெட்டியதைப் பரணில் வைக்காமல் தினம் காபி குடிக்கப் பயன்படுத்தினால் பாட்டியும் சந்தோஷப்படுவார்.

இவற்றில் எதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும், சிங்க்குக்குக் கீழே தனியாக இருக்கும் அந்த ஒன்றை எடுத்து, மற்ற டம்ளர்களோடு சேர்த்துக் கழுவி, அதே அடுக்கில் போட்டுவிடுங்கள். நாளைக் காலைக் காபிக்குக் கைக்கு எது வருகிறதோ அதில் ஊற்றிக் கொடுங்கள், எல்லோருக்கும்.